வாணப் புத்தகத்துக்குக் கிடைத்த பதின்மூன்றாவது வீடு

கோபம் இன்னும் தீராத பகவதி, தீராமலே அன்போடு எழுதுவது, கோமதி அண்ணிக்கு.

நேற்று தானாவுக்குப் போய்விட்டு வந்தேன். போலீஸ் ஸ்டேஷனைத் தானா என்று சொல்லியே நமக்கும் பழகிவிட்டதே! தனியாகப் போகவில்லை. யாரோடு போனேன் என்று இப்போதே சொன்னால் நம்ப மாட்டீர்கள், கடைசியில் சொல்கிறேன்.

நம் தமிழ்ச் சங்க மலரில் போட உங்களைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். உங்களைப் பற்றி அவர்களுக்கு என்ன எழுதுவது? உங்களுக்கே எழுதிவிடுகிறேன், அவர்கள் ஓரமாக நின்று படித்துக்கொள்ளட்டும். எரித்தவர்களும் படிக்கட்டும்.

அவர்களுக்காக முதலில் கொஞ்சம் பழைய கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் காளிகாட் சந்தில் மாடி வீடு. அண்ணனுக்கும் எனக்கும் கிடர்பூர் துறைமுக ஆபீசில் வேலை, அவர் கணக்கில், நான் டைப்பிங்கில். உங்களுக்கு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. ஊரிலிருந்து வந்த குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் அச்சில் இல்லாத பழைய தமிழ்ப் புத்தகங்கள் கிடப்பதைக் கண்டுபிடித்தீர்கள். "எழுதுனவரு செத்து அம்பது வருசம் ஆச்சுன்னா அது யாருக்கும் சொந்தமில்லட்டீ. அப்பம் நமக்கெல்லாம் சொந்தம்லா?" என்றீர்கள். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது என்று அண்ணன் விசாரித்து வந்து சொன்னார். அதோடு விட்டாரா? கிடர்பூரில் பழைய சாமான் விற்கிற கடையில் ஒரு சைக்ளோஸ்டைல் மெஷினும் வாங்கி வந்தார்.

நீங்கள் சத்தமாக வாசிப்பீர்கள், நான் மெழுகுத்தாளில் டைப் அடிப்பேன், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கைப்பிடியைச் சுற்றுவார். நம்மையும் சேர்த்துப் பன்னிரண்டு குடும்பங்கள் காகிதத்துக்கும் மைக்கும் செலவைப் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பன்னிரண்டு பிரதி, வீட்டுக்கு ஒன்று. யார் கேட்டாலும் இரவல் தர வேண்டும். ஒரு வீட்டில் கரையான் தின்றாலும் மற்ற பதினோரு வீட்டில் இருக்கும் என்பது உங்கள் கணக்கு.

அப்போதுதான் மளிகைக் கடை அண்ணாச்சி அந்த வாணவேடிக்கைப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அட்டை இல்லை, முதல் பக்கங்கள் இல்லை. தாளைப் பார்த்தால் எழுதினவருடைய பேரன் காலமே முடிந்திருக்கும் போலிருந்தது. புஸ்வாணம், சக்கரம், ராக்கெட் எல்லாவற்றுக்கும் படம் போட்டு, மருந்துக் குழாய், திரி என்று விளக்கம். உங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பையன்கள் சர்க்காரை எதிர்த்துக் கிளம்பியிருந்த அந்த வருஷம் கல்கத்தாவில் எந்தச் சந்தில் எப்போது குண்டு வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. போலீஸ் ஒவ்வொரு தெருவாக வளைத்து, வயசுப் பையன்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. சிலர் திரும்பி வரவில்லை. துண்டறிக்கை அடிப்பார்கள் என்று சைக்ளோஸ்டைல் மெஷின் வைத்திருந்தாலே சந்தேகம். அந்த நேரத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? பார்த்தால் குண்டு போலவே இருக்கிற மருந்துக் குழாய்ப் படத்தை மெழுகுத்தாளில் கீறிக்கொண்டிருந்தோம்! புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமா அண்ணி அது? பன்னிரண்டு வீட்டுக்கும் பிரதி போன பிறகு, கீழ்வீட்டு வங்காளி அம்மாள், நம் மாஷிமாதான் படத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை வேறு யாராவது பார்த்தால் உன் புருஷன் கதி என்ன?" என்று கேட்டார்.

நமக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற வீடுகளுக்கும் எப்படியோ உறைத்துவிட்டது. மறுநாள் நீங்கள் வீடு வீடாகப் போய், பிரதி பத்திரமா என்று கேட்டீர்கள். அண்ணாச்சி கை கூப்பினார். "மன்னிச்சுக்கிடுங்க தாயி, நேத்தே அடுப்புல போட்டுட்டேன். பிள்ளைகுட்டிக்காரன்." போன இடமெல்லாம் அதே பதில்தான். கரையான் ஒரு வீட்டைத்தான் தின்னும், பயம் எல்லா வீட்டையும் ஒரே நாளில் தின்றுவிடும் என்று உங்கள் கணக்கில் வரவே இல்லை. திரும்பி வந்து நீங்கள் சாப்பிடவில்லை.

மிச்சம் இருந்தது நம் வீட்டில்தான். நம் பிரதியை அன்று சாயங்காலமே அண்ணன் கிழித்து எரித்தார். மூலப் புத்தகத்தையும் கேட்டார். நீங்கள் தரவில்லை.

"எனக்கு வேலை போனா சோறு எங்கிருந்து வரும்? என்னைப் பிடிச்சுட்டுப் போனா என்ன செய்வே?"

"இது போனா உலகத்துல வேற இருக்கோ இல்லையோ, தெரியலையே!"

"ஒரு புஸ்வாணத்துக்காகவா கோமு?"

யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அண்ணன் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது.

மறுநாள் காலை நம் சந்தை வளைத்தார்கள். அண்ணன் ஆபீசுக்குக் கிளம்பி, பையோடு வாசலில் நின்றிருந்தார். சப்-இன்ஸ்பெக்டருக்கு என் வயசுதான் இருக்கும், சவரம் செய்து நாளாகியிருந்த முகம். மெஷினைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்தார். தமிழ் தெரியாவிட்டால் என்ன, படம் தெரியுமே! ஒரு கான்ஸ்டபிள் வந்து அண்ணன் தோளில் கை வைத்தான்.

"துப்ரி" என்றீர்கள் நீங்கள். புஸ்வாணத்துக்கு அவர்கள் வைத்த பெயர். காளி பூஜைக்கு வீட்டிலேயே துப்ரி செய்து, யாருடையது உயரமாகப் பொங்குகிறது என்று போட்டி போடுகிற ஊராயிற்றே! தரையில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை அவருக்கு வங்காளத்தில் வாசித்துக் காட்டினீர்கள். அவர் நின்றபடி கேட்டார், பிறகு குந்தி உட்கார்ந்து கேட்டார். "என் சித்தப்பா இரும்புத்தூளை இவ்வளவு போடமாட்டார்" என்றார். கான்ஸ்டபிள் தோளிலிருந்து கையை எடுத்தான். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் எழுந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் முகம் மாறிவிட்டது. "பௌதி, நான் விட்டுவிடுகிறேன். எனக்குப் பின்னால் வருகிறவர் விடமாட்டார். இதை அடுப்பில் போடுங்கள். இப்போதே, என் கண் முன்னால்." பௌதி என்றால் அண்ணி. அவர் நல்லதுதான் சொன்னார்.

கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. "போட்டுரு கோமு" என்றார் அண்ணன். அவர் கெஞ்சி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நீங்கள் புத்தகத்தை அதிகாரியிடம் நீட்டினீர்கள். "எரிக்க மாட்டேன். நீங்கள் ஜப்தி செய்துகொள்ளுங்கள். என் பெயரில் எழுதுங்கள், அவர் பெயர் வேண்டாம்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை. "ஜப்தி செய்த சாமானை எரிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லையே?" என்று கேட்டீர்கள். அவர் உங்களையே பார்த்தார். பிறகு எழுதினார். எல்லா வீட்டிலும் எரிகிற புத்தகத்துக்குப் போலீசிடமே பத்திரமான இடம் பிடித்த பெண்பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதை உங்களிடம் ஒருநாளும் சொல்லாமல் போனேனே!

அதற்கு நீங்கள் கொடுத்த விலை கொஞ்சமா? விசாரணை என்று எத்தனை தடவை கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்! நீங்கள் அவ்வளவு ஆசைப்பட்ட பள்ளிக்கூட வேலைக்கு உத்தரவே வந்துவிட்டது. போலீஸ் விசாரணையில் உங்கள் பெயர் அகப்பட்டதும் அந்த உத்தரவு ரத்தானது. குற்றம் இல்லை என்று பிற்பாடு வழக்கை மூடினார்களே தவிர, வேலையைத் திருப்பித் தரவில்லை. அண்ணன் ஒரு மழைக்காலம் முழுக்க உங்களோடு பேசவில்லை. பிறகு பேசினார், ஆனால் புத்தகத்தைப் பற்றி மட்டும் கடைசிவரை வாயே திறக்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

இப்போது நடப்பைச் சொல்கிறேன். நம் காளிகாட்டுக்கும் தரைக்கு அடியில் ஓடுகிற ரயில் வந்துவிட்டது. முக்குக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் வந்துவிட்டது, மெழுகுத்தாள் வேண்டாம், மை வேண்டாம். போன வாரம் அண்ணன் காப்பியை ஆற்றிக்கொண்டே, "பகவதி, தானாவுல போய்க் கேப்போமா?" என்றார். ஆமாம் அண்ணி, அவர்தான். பழைய சாமான்களை எல்லாம் அழித்திருப்பார்கள் என்றேன். "போய்ப் பாத்துருவோம்" என்றார்.

நேற்று தானாவின் சாமான் அறை வாசலில் நின்றோம். உள்ளே துருப்பிடித்த கத்திகள், சைக்கிள்கள், மூட்டைகள். எலி வாடை. தேடப் போன கான்ஸ்டபிள் வெகுநேரம் வெளியே வரவில்லை. இருக்காது என்று அண்ணன் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். இருந்தது! துணியில் சுற்றி, உங்கள் பெயர் எழுதிய அட்டை கட்டி, ஒரு பக்கம்கூடச் சேதமில்லாமல் இருந்தது.

இளவயது அதிகாரி பழைய பதிவைப் புரட்டினார். "இந்த அம்மாள் இறந்துவிட்டார் என்கிறீர்கள். புத்தகம் யாருடையது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் தம்முடைய அரைகுறை வங்காளத்தில் சொன்னார். "என்னுடையது. வீடு என்னுடையது, மெஷின் என்னுடையது. அவள் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். என் பெயரை எழுதுங்கள்."

வேலையும் வயசும் கேட்டுக்கொண்ட அதிகாரி தயங்கினார். "சார், நீங்கள் சர்க்கார் ஊழியர். ரிட்டையர் ஆகப் போகிறீர்கள். இந்தப் பதிவில் உங்கள் பெயர் ஏறினால் பென்ஷன் நேரத்தில் தொந்தரவு வரலாம். யோசித்துச் சொல்லுங்கள்."

அண்ணனுக்கு வங்காளம் போய்விட்டது. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "நான் யோசிச்சு முடிக்கதுக்குள்ள அவ போயிட்டாளே, பகவதி. அவருகிட்டச் சொல்லு."

அதை நான் எப்படி வங்காளத்தில் சொல்வேன் அண்ணி? அழுதுகொண்டு நின்றேன். அதிகாரி பேனாவை நீட்டிவிட்டார். உங்கள் பெயருக்குக் கீழே அண்ணன் தம் பெயரை எழுதினார், அப்பா பெயரோடு, ஆபீஸ் விலாசத்தோடு. புத்தகத்தை எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். பென்ஷனில் வில்லங்கம் வருமா, தெரியாது. வந்தால் பார்த்துக்கொள்வோம்.

ஒரு சத்தியம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஜெராக்ஸ் எடுக்கிறேன். எரித்த வீடுகளுக்கும் கொடுப்பேன், குத்திக்காட்டாமல் கொடுப்பேன். என் வாயை வைத்துக்கொண்டு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு பிரதியும் கொடுத்த பிறகு, பதின்மூன்றாவதை அண்ணனே தானாவில் கொண்டுபோய்க் கொடுப்பார். இத்தனை வருஷம் எரிக்காமல் வைத்திருந்த வீடு அதுதானே!

உங்கள் வாயாடி நாத்தனார்,
பகவதி