கருமாதிக்குக் கொடுத்த புத்தகம்

என் அம்முணிக்கு, மல்லசமுத்திரத்திலிருந்து உன் அம்மா எழுதிக்கொள்வது. நான் நடமாட்டமாக இருக்கிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று திருச்செங்கோட்டு மலை இருக்கிற திசையைப் பார்த்துத் தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே மழை பரவாயில்லை, சிவப்பு மாடு சினையாக இருக்கிறது, கேட்டுப் பக்கத்து முருங்கை காற்றில் ஒடிந்து விழுந்து உன் மாமன் மகன் மோகன்குமார்தான் வந்து வெட்டி எடுத்துப் போட்டான். போனில் பேசாமல் எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போன் என்றால் நான் ஒரு வார்த்தை எடுப்பதற்குள் நீ பத்து வார்த்தை சொல்லி என்னைச் சமாதானம் பண்ணி வைத்துவிடுவாய், எனக்கு இப்போது சமாதானம் வேண்டாம், சொல்ல வந்ததை முழுசாகச் சொல்ல வேண்டும். அஞ்சாவதோடு நின்றவள் கை எழுத்து, கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி. உன் புத்தகத்தை நான் படித்துவிட்டேன் அம்முணி. படித்து முடித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை, யாரோ நடு முதுகில் உதைத்தது மாதிரி இருக்கிறது.

அந்தப் புத்தகம் வந்த நாளிலிருந்து எங்களுக்கு அது சாமி படம் மாதிரிதான். தொழில், பணம், வாழ்க்கையில் ஜெயிப்பது இதைப் பற்றியெல்லாம் படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று பேப்பரில் வரிசையாகப் போட்டு அதில் உன்னுடையதும் வந்ததே, அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உன் அப்பா காட்டாத ஆள் இல்லை. சலூன்காரர், ஏனுங்க, இதப் படிச்சா எனக்கும் உங்களாட்ட ஒரு போர் போடற ரிக் வண்டி வாங்கற யோகம் வருங்களா என்று கேட்டாராம், மொதல்ல நீ எம்மீசைய ரண்டு பக்கமும் ஒண்ணாட்ட வெட்டு, அப்பறம் யோகத்தப் பாக்கலாம் என்று இவர் சொன்னாராம், வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கண்ணில் புரை, அந்தப் பொடி எழுத்து தெரியாது. பின் அட்டையில் இருக்கிற உன் படத்தை மட்டும் பார்த்துக்கொள்வேன், கழுத்தில் ஒன்றும் போடாமல் நிற்கிறாளே என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

அப்புறம் அவர் போய்விட்டார். விசாத்தாள் கையில் இல்லாமல் நீ அங்கே தவித்ததும் போனிலேயே அப்பா முகத்தைப் பார்த்து அழுததும் எனக்கு மறக்காது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கருமாதிக்கு வருகிறவர்களுக்கு எல்லோரும் போல எவர்சில்வர் கிண்ணம் கொடுக்கலாம் என்று பங்காளிகள் சொன்னார்கள், சிலர் சாமி பாட்டுப் புத்தகம் என்றார்கள். எங்கூட்டுல எழுதின புத்தகமே இருக்குது, எதுக்கு வெளிய வாங்கோணும் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். மோகன்குமார் சேலத்தில் சொல்லி வைத்து மூட்டையாக எடுத்து வந்தான். முதல் பக்கத்தில் உன் அப்பா படம், கீழே பிறந்தது மறைந்தது, பசை தடவி ஒவ்வொன்றாக நானே ஒட்டினேன், கோணிப் போகக் கூடாது என்று உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினேன். நீ போனில் அதைப் பார்த்துவிட்டு, அது வேண்டாம்மா, அங்க யாருக்கும் புரியாது, கிண்ணமே குடுத்துரும்மா என்று சொன்னாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, பிள்ளை கூச்சப்படுகிறது, தன் பெருமையைத் தானே எப்படிச் சொல்லும் என்று நினைத்தேன். வந்தவர்கள் கையில் எல்லாம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சனங்களின் பார்வை ஒரு மாதிரி ஆனது. பால் சொசைட்டியில் கேனைக் கொண்டு போய் வைத்தால் பேசிக்கொண்டு இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தாலி அறுத்தவள் எதிரில் வருகிறாள் என்று ஒதுங்குகிறார்கள் போல என்று விட்டுவிட்டேன். மாட்டுக்கு இன்சூரன்ஸ் எழுத வந்த ஒரு புது ஆள் வண்டியை வாசலில் நிறுத்தி, தோத்தவரு ஊடு இதுங்களா என்று கேட்டான். டீக்கடையில் அப்படித்தான் வழி சொன்னார்களாம், பாவம் அவனுக்கு என்ன தெரியும், பேரே அதுதான் என்று நினைத்துக் கேட்டிருக்கிறான். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஆராயி வந்த பிறகுதான் விளங்கியது.

ஆராயியை நீ பார்த்ததில்லை, ஆனால் உன் புத்தகத்தில் எழுதியிருக்கிறாய். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் காட்டுக்காரி. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் உன் அப்பா அவர்கள் காட்டில் போர் போட்டு, கடைசி வரைக்கும் கல் தூசிப் புகைதான் வந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. காசு வாங்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அந்தம்மா அவர் செத்த சேதி கேட்டு இரண்டு பஸ் மாறிக் கருமாதிக்கு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு, உன் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றி வாங்கிப் போனாள். அவள் போன வாரம் மறுபடி வந்தாள். வா ஆராயி என்றால் கேட்டுக்கு உள்ளே வரவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன், வாங்கவில்லை. எம்புள்ள படிச்சிக் காட்னான் தாயி, நாங்கதான் உங்க குடும்பத்த அழிச்சவங்களாமே, உங்க வூட்டுத் தண்ணிய நான் எந்த வாயில குடிப்பேன் என்றாள். இன்னும் சொன்னாள், நான் அவரு கால்ல உழலியே தாயி, பூச பண்ண தேங்காய அவருதான் எங்கிட்டத் திருப்பிக் குடுத்து, அழுவாதீங்கம்மா, பூமி குடுக்குல, நீங்க என்ன பண்ணுவீங்கன்னாரு, அத ஏன் பாப்பா இப்பிடி எழுதிச்சி என்றாள். சொல்லிவிட்டு வெயிலில் அப்படியே திரும்பி நடந்து போனாள்.

அன்றைக்கு உன் அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட எழவில்லை. தோற்றவரிடம் கற்ற பாடம் என்று ஒரு அத்தியாயம், அதில் என் புருசன். இல்லை என்று சொல்லத் தெரியாதவர், ஊரில் நல்ல பேர் வாங்குவதையே சம்பாத்தியம் என்று நினைத்தவர், ஒரு பெண் காலில் விழுந்து விட்ட கண்ணீருக்கு விலையாக எங்கள் வண்டியையே கொடுத்தவர். இதெல்லாம் நீ எழுதியது. அப்பாவைப் போல் ஆகிவிடாதே என்று என் அம்மா ஒருநாள் சொன்னார், அன்றுதான் என் வெற்றி தொடங்கியது என்று எழுதி நிறுத்தியிருக்கிறாய். முதலில் நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். விரலை வைத்து மறுபடி படித்தேன், அதேதான். அந்தப் புத்தகத்தில் அவர் படத்தை ஒட்டியது இந்தக் கை அம்முணி. செத்துப்போன மனுசனின் கருமாதியில், அவர் தோற்றவர் என்று அச்சடித்து, ஊர் உறவு எல்லோர் கையிலும் பொண்டாட்டி நானே கொடுத்திருக்கிறேன். எந்த ஊரிலாவது இப்படி நடந்திருக்குமா.

மோகன்குமாரைக் கூப்பிட்டு, தெரிந்தேதான் மூட்டையைக் கொண்டு வந்தாயா என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, அத்தை, அந்தப் பாடத்த வெச்சுத்தாங்க எல்லாரும் அக்காவப் பெருசாப் பேசறாங்க, உள்ளதத்தான எழுதியிருக்குது, மாமா கை நீட்டிக் காசு வாங்கியிருந்தா இன்னேரம் நாலு வண்டி நிக்குமுங்க என்றான். உள்ளதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. இப்படிக் காசு வாங்காமல் விட்டு, தவணை கட்ட முடியாமல் வண்டி போனது நிசம். நீ ஒரே பாவாடையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனதும் நிசம். அதற்கு உனக்குக் கோபம் இருந்தால் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம், அவரிடமே சொல்லியிருக்கலாம், வாங்கிக்கொண்டு போயிருப்பார். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பாடமாக வைத்துவிட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. விடியும் முன்னே எழுகிறவன் பணக்காரன் ஆவான் என்றும் எழுதியிருக்கிறாய், நான் எத்தனை வருசமாக அந்த நேரத்துக்குப் பால் கறக்கிறேன் என்று உனக்குத் தெரியாதா, அந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த தடவை அச்சுப் போடப் போகிறார்கள் என்று சொன்னாய். அந்த அத்தியாயத்தை எடு என்று நான் கேட்க மாட்டேன், எழுதியது நீ, உனக்கு அப்படிப் பட்டது. ஆனால் நடக்காததை மாற்று. ஆராயி காலில் விழவில்லை. நான் அப்பாவைப் போல் ஆகாதே என்று சொன்னது பணத்துக்கு இல்லை. போர் போடும்போது கல் தூசிக்கு மூக்கில் துண்டு கட்டச் சொன்னால் கட்ட மாட்டார், உனக்கும் மருந்து குடிக்கச் சொன்னால் பிடிவாதம், உங்கப்பனாட்ட இருக்காத அம்முணி, சொன்னாக் கேளு என்று திட்டினேன். அந்தத் தூசிதான் கடைசியில் அவர் நெஞ்சில் உட்கார்ந்து ஆளைக் கொண்டு போனது.

இன்னும் ஒன்று இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. புத்தகம் கொடுத்தது என் யோசனை என்றுதான் ஊரே நினைக்கிறது, மோகன்குமாரும் அப்படித்தான் நினைக்கிறான். சேலம் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தபோது அவர்தான் குழாயை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். என்ற கருமாதிக் காரியத்துக்குக் கிண்ணம் கிண்ணம்னு செலவு பண்ணாத ராமாத்தா, அம்முணி புத்தகத்தக் குடு, எல்லாரும் படிக்கோணும் என்றார். சிரித்த மாதிரியும் இருந்தது, மூச்சு வாங்கின மாதிரியும் இருந்தது. பேப்பரில் விளம்பரத்தைக்கூட விடாமல் படிக்கிற மனுசன். ஆனால் கடைசியில் கண்ணும் அவருக்குச் சரியில்லை. அந்தப் புத்தகத்தைப் பற்றி என்னிடம் எப்போது பேசினாலும் நல்லா எழுதியிருக்குது என்பார், என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பேரனுக்குத் தலைக்கு எண்ணெய் வை, குளிர் என்று விட்டுவிடாதே. இரத்தச் சோகை மாத்திரையை நிறுத்தாதே. ஆராயிக்கு நீயே போன் பண்ணிப் பேசு, நம்பரை மோகன்குமாரிடம் வாங்கிக்கொள், மறந்துவிடாதே. நீ எங்கே இருந்தாலும் உன் குடும்பம் தழைத்து, கை நிறையச் சம்பாதித்து, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை சாமி.

உன் அம்மா,
செ. ராமாத்தாள்.

கவரை ஒட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன் அம்முணி, வேறு யாரிடம் கேட்பேன். எல்லோரும் படிக்க வேண்டும் என்று உன் அப்பா சொன்னாரே, அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் சொன்னாரா, படிக்காமலே சொன்னாரா?