நாற்பத்து நான்கு இடது கைகள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. எல்லாரும் நலம் என்று ஆரம்பித்துவிட்டால் சௌகரியமாக இருக்கும், ஆனால் நிலவரம் அப்படி இல்லை. அப்பா முழு நலம், அக்கா நலம், நான் முக்கால்வாசி நலம், நீ எவ்வளவு நலம் என்று தெரிந்துகொள்ளத்தான் போனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். போனில் கேட்டால்தான், ஒண்ணும் இல்லம்மா, கொஞ்சம் சோம்பேறித்தனம் என்று முடித்துவிடுகிறாயே. மூன்று ஞாயிற்றுக்கிழமையாக வீடியோவில் அதே நீலச் சட்டை, இரண்டாவது பொத்தானைக் காணோம், பின்னால் ஜன்னல் திரையைத் திறந்தபாடில்லை. முப்பது வருஷமாகத் தைக்கிறவளிடம் இந்தச் சட்டையோடு வந்து நின்று பொய் சொல்கிறாய், உன் தைரியத்தை மெச்சுகிறேன். பந்து விளையாடப் போவதையும் விட்டுவிட்டாயாம், மத்தியானம் எழுந்து நின்றபடியே ரொட்டியைக் கடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாயாம். அக்கா எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்துவிட்டாள், அவளிடம் சண்டைக்குப் போகாதே.

உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்கும் இல்லை, இது உன்னிடம் மறைத்த கதை. ஆறு மாதத்துக்கு முன்னால் கடையில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வரும், காரணம் கேட்டால் எனக்கே தெரியாது. படுத்தால் தூக்கம் இல்லை, எழுந்தால் உடம்பு நகராது. உன் அப்பா லிஃப்ட் மெக்கானிக் புத்தியைக் காட்டினார். நான் அழுவதைப் பார்த்துவிட்டுத் தையல் மெஷினைக் கழற்றி எண்ணெய் போட்டு வைத்தார். மெஷின் கனமாக ஓடுவதால்தான் அழுகிறேன் என்று நினைத்தாராம். அப்புறம் மெஷின் ஜம்மென்று ஓடியது, நான் அப்படியேதான் இருந்தேன். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு இருபத்திரண்டு கோட்டு தைக்க வந்தது. துணியை இரண்டாக மடித்து வெட்டினால்தான் ஒரு கை இடது, ஒரு கை வலது என்று ஜோடி சேரும். நான் மடிக்காமல் ஒரே பக்கமாக அடுக்கி வெட்டிவிட்டேன், நாற்பத்து நான்கு கையும் இடது கை. தைத்து, இஸ்திரி போட்டு, கொடுத்தும் விட்டேன், கண்ணில் படவே இல்லை.

தலைமை நர்ஸம்மா அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, வலது கை முறுக்கிக்கொண்டு நிற்க, கடைக்கு வந்தார். வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நின்றால், என் முகத்தையே பார்த்துவிட்டு, "எத்தனை நாளாம்மா தூங்கல?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஒண்ணும் இல்லம்மா, கொஞ்சம் சோம்பேறித்தனம். நீ சொல்கிற அதே வசனம், ஒரு எழுத்து மாறவில்லை. மறுநாள் அவரே டாக்டரிடம் கூட்டிப்போனார். ரத்தத்தைப் பார்த்ததில் தைராய்டு குறைவு, இரும்புச்சத்தும் இல்லை, அதோடு மனச்சோர்வும்தான். தூக்கம், சாப்பாடு, வெயில், நடை இதெல்லாம் கெட்டால் மூளை சோர்ந்துபோகும், மூளை சோர்ந்தால் இதெல்லாம் இன்னும் கெடும், உடம்பு வேறு மனசு வேறு என்று பிரிக்காதீர்கள் என்றார் டாக்டர். சோம்பேறித்தனம் என்று ஒரு வியாதியைத் தான் படித்ததே இல்லை என்றும் சொன்னார். இப்போது மாத்திரை போடுகிறேன், வாரம் ஒருமுறை ஆலோசகர் அம்மாவிடம் மனசு விட்டுப் பேசுகிறேன், காலையில் அப்பாவோடு நடக்கிறேன். அவர் கையில் கடிகாரத்தோடு வருகிறார், வழியில் நான் யாரிடமாவது நின்று பேசினால் அந்த நேரத்தை நடைக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்.

உனக்கும் இதேதான் என்று சொல்ல நான் யார், எனக்குத் தெரிந்தது தையல். ஆனால் சில குடும்பங்களில் இது தொடர்ந்து வருவதும் உண்டாம். என் மூக்கை உனக்குக் கொடுத்ததற்குப் பத்தாம் வகுப்பிலிருந்து திட்டுகிறாய், இதையும் சேர்த்துத் திட்டிக்கொள், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து திட்டு. விளையாட்டாக எழுதுகிறேனே தவிர, பயமாக இருக்கிறது கண்ணா. எனக்காவது முறுக்கிக்கொண்ட கையோடு வந்து நிற்க ஒருத்தர் இருந்தார், அங்கே உன் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். வருகிற பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு அக்கா போனிலேயே உன் ஊர் டாக்டரிடம் உனக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறாள், மறக்காதே. வெளியே வந்ததும் எனக்குப் போன் போடு. அழுகை வந்தால் முகம் கழுவிக்கொண்டு போட வேண்டாம், அழுதுகொண்டே போடு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா