முதல் பக்கத்தில் உங்கள் கடிதம்

அன்புள்ள கோஜோ அண்ணை,

நாளைக்கு உங்களுடைய முப்பத்தோராம் நாள். உங்கள் ஆபிரிக்க ஊரில் அப்படி ஒரு கணக்கு உண்டோ தெரியாது. எங்களுக்கு உண்டு. அன்றைக்கு, இறந்து போனவரின் வாழ்க்கையைக் கல்வெட்டு என்று சிறு புத்தகமாக அச்சடித்துக் கொடுப்போம். அச்சகத்தில் இருபது வருடமாக அதைத்தானே செய்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணைக்குச் செய்யாமல் விடுவேனா?

எழுதுவதற்கா பஞ்சம்? நாட்டு அணியின் கோல் காப்பாளர். ஐந்து நாவல்கள். ஜனாதிபதியின் அரசியல் ஆலோசகர். அந்த ஜனாதிபதி மாணவர்களைச் சுடச் சொன்ன அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதி வீசியவர் நீங்கள். அதன் பிரதியை என்னிடம்தான் தந்து வைத்தீர்கள். கடைசியில் நாட்டை விட்டு இங்கே வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் பதினாலாம் மாடி, எனக்குப் பக்கத்துக் கதவு. லிஃப்ற் பழுதானால் இரண்டு பேரும் திட்டிக்கொண்டே படியேறுவோம்.

நேற்று உங்கள் நாட்டுச் சங்கத் தலைவர் அச்சகத்துக்கு வந்தார். ஜனாதிபதி அனுதாபச் செய்தி அனுப்புவாராம். அதை முதல் பக்கத்தில் போட்டு, நான் கல்வெட்டில் சேர்த்திருந்த ராஜினாமாக் கடிதத்தை எடுத்துவிட வேண்டுமாம். அதே ஜனாதிபதி, அண்ணை. எவ்வளவு துணிவு பாருங்கள்.

என் முதலாளியும் அவர் பக்கம். "பிள்ளை, உந்த ஒரு பக்கத்தை எடுத்தால் என்ன குறைஞ்சு போகும்? செத்த வீட்டில ஏன் சண்டை?"

ஒன்றும் குறையாதா? என் அப்பாவின் கல்வெட்டு ஞாபகமிருக்கிறதா? ஊரில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனவர்களை மறித்து அவர் உதைபட்டதை எழுதியிருந்தேன். சொந்தக்காரர் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அப்பா வெறும் 'பண்பாளர்' ஆனார். உங்களிடம் சொன்னபோது நீங்கள் என்னைத் தேற்றவில்லை. "உன் அப்பாவை உதைத்தவர்களுக்கு நீ உதவி செய்திருக்கிறாய்" என்றீர்கள். ஒரு கிழமை நான் உங்களோடு கதைக்கவில்லை. கோபம் உங்கள் மேலா, என் மேலா?

"நான் எடுக்க மாட்டன்," என்று முதலாளியிடம் சொன்னேன். "வேலையால நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ." மெஷினை நானே ஓடவிட்டேன்.

அவர்கள் கேட்ட அந்த முதல் பக்கத்தில் உங்கள் ராஜினாமாக் கடிதம் இருக்கிறது, கையெழுத்தோடு. நாளை மண்டப வாசலில் நானே நின்று கொடுப்பேன். சங்கத் தலைவருக்கு இரண்டு, ஒன்று ஜனாதிபதிக்கு அனுப்ப.

அது முடிய அப்பாவின் கல்வெட்டைத் திரும்ப அச்சடிப்பேன், அண்ணை. நான் எடுத்த பக்கத்தோடு.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி,
வசந்தி