பத்தொன்பதாம் நம்பர் வீட்டுப் பூட்டு

16-8-1964, ஞாயிறு

சிரஞ்சீவி பாலகோபாலுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நான், உன் அம்மா, இரண்டு மாடு, மண்டி எல்லாம் நலம். டில்லியில் நீயும் மருமகள் சாந்தாமணியும் நலமாக இருக்கப் பெருமாள் துணை நிற்கட்டும். மருமகளுக்கு ஐந்தாம் மாதம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம், அவளை மாடிப்படி அதிகம் ஏறவிடாதே, மூன்று வேளையும் கோதுமையைப் போடாமல் ஒரு வேளையாவது அரிசிச் சோறு கொடு. நல்லெண்ணெய் ஒரு டின்னும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன், ரசீது இதோடு இருக்கிறது. டின் மூடியில் வைத்த ஈயம் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு. பார்க்காமல் போடுகிற பழக்கம் உனக்கு உண்டு.

ஆடி நோம்பிக்கு நீ பங்காரம்மா அத்தைக்கு அனுப்பிய மணியார்டர் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டதாகவும், முனிசிபாலிடி கட்டிய புது வீடுகளில் அத்தைக்குக் கொடுத்த நம்பர் என்ன என்றும் கேட்டிருக்கிறாய். அத்தைக்கு வீடு கொடுக்கவில்லை. பழைய லைனும் இப்போது இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக இதை எழுதாமல் விட்டேன், எழுதினால் நீ அங்கே உட்கார்ந்துகொண்டு எதையாவது கிளறுவாய். இப்போது நீயாகக் கேட்டுவிட்டாய். கேட்டவனுக்குப் பாதி காட்டிப் பாதி மறைக்கிற வியாபாரம் நான் செய்ததில்லை, முழுசாக எழுதுகிறேன், மருமகளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

கடைவீதிக்குப் பின்னால் இருந்த முனிசிபல் லைன் முப்பத்தாறு வீட்டில் பத்தொன்பதாம் நம்பர், உன் தாத்தா தெருவிளக்கு ஏற்றின உத்தியோகத்துக்குக் கொடுத்தது. நானும் என் தங்கை பங்காரம்மாவும் அங்கேதான் பிறந்தோம். தாத்தாவுக்குப் பின் அவள் புருஷனுக்கு அந்த வேலை வந்ததால் வீடும் அவளோடு நின்றது. உன் அம்மா டைபாய்டில் கிடந்த வருஷம் அத்தை உன்னை அந்த வீட்டில்தான் வைத்து வளர்த்தாள், அது உனக்கே நினைவிருக்கும். ஆனால் அந்த லைனின் ஒரு வழக்கம் உனக்குத் தெரிய நியாயமில்லை. வேலைக்காரன் செத்தால் மூன்று மாதத்தில் குடும்பம் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது முனிசிபாலிடி சட்டம், கூட ஒரு சொந்தக்காரனை வைத்துக்கொண்டாலும் குற்றம். யார் காலி செய்வார்கள், எங்கே போவார்கள். அதனால் நோட்டுப் புத்தகத்தோடு ஆபீஸ் ஆள் வருகிறான் என்றால் பக்கத்து வீட்டுக்காரி வந்து வெளியே பூட்டைப் போட்டுவிடுவாள், உள்ளே இருக்கிறவர்கள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள், ஆள் போனதும் அவளே வந்து திறந்துவிடுவாள். எங்கள் சித்தப்பா வேலையில்லாமல் வந்து தங்கியிருந்த காலத்தில் என்னையும் பங்காரம்மாவையும் அவரோடு உள்ளே வைத்து எத்தனையோ நாள் பூட்டியிருக்கிறார்கள். அவள் இருமினால் நான் அவள் வாயைப் பொத்துவேன். அவள் புருஷன் போனபின் இந்தப் பத்து வருஷமும் அவள் அந்த வீட்டில் இருந்தது அந்தப் பூட்டின் புண்ணியத்தில்தான்.

கடைவீதி கதை உனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த பிறகு சனம் அங்கேயே இறங்கி அங்கேயே வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. பதினோரு கடை மூடிக் கிடந்தது, மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் மண்டிக்குள் வந்து புண்ணாக்கு மூட்டையை நனைக்கும், சந்தை நாளில்கூடப் பருத்திக்கொட்டை வாங்க வண்டி வராது. இதைச் சரி செய்து கொடு என்றுதான் வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து என்னைக் கவுன்சிலராக்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் டில்லி மானியம் வந்தது, இடிந்து விழுகிற லைன் வீடுகளைப் புதிதாகக் கட்டிக் கொடுக்க வேண்டும், அதில் மிச்சப்பட்டால் பழைய கடைவீதிக்குச் சாக்கடையும் ரோடும் போட்டுக்கொள்ளலாம் என்று. நம்மூர் பைல் உன் மேஜைக்கே வந்தது என்று நீ எவ்வளவு பெருமையாக எழுதினாய். கண்டவனும் பொய்ப் பெயரைச் சேர்த்து வீட்டை அடித்துக்கொண்டு போகக்கூடாது, கணக்கெடுக்கிற நாளில் இரண்டு தடவை போய்ப் பார்த்து ஆள் இருக்கிற வீட்டை மட்டும்தான் எழுத வேண்டும் என்று நீயே ஒரு விதி எழுதிச் சேர்த்து, பெரிய அதிகாரி உன் முதுகில் தட்டியதாகவும் எழுதினாய். விதியில் குற்றமில்லை. நான் அதை மூன்று தடவை படித்தேன். லைன் சனம் அதைப் படிக்கவில்லை. நோட்டுப் புத்தகம் வந்தால் வெளியே போ என்று அர்த்தம், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்த ஒரு தடவை அந்தப் புத்தகம் வீடு கொடுக்க வருகிறது என்று தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டியது முனிசிபாலிடி. கடைவீதியில் போட்டார்கள், லைனில் போடவில்லை. கடைவீதியோடு நிறுத்தச் சொன்னது சேர்மன். லைனிலும் போடுங்கள் என்று சொல்லாமல் இருந்தது நான். என் தங்கைக்கு மட்டுமாவது ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். அவளுக்குச் சொன்னால் அவள் முப்பத்தாறு வீட்டுக்கும் சொல்வாள், அவள் குணம் அது.

போன வருஷம் சித்திரையில் கோயமுத்தூரிலிருந்து சத்தியசீலன் என்று ஒரு ஆபீசர் வந்தார், கிறிஸ்து வேதக்காரர், ஒரு இளநீர்கூட வாங்கிக் குடிக்காத மனுஷன். வார்டு கவுன்சிலர் என்று நான் சாட்சிக்குக் கூடப் போனேன். நாங்கள் லைன் முனையில் திரும்பும்போதே, ஆபீசர் நோட்டுப் புத்தகத்தில் கண்ணாக இருக்க, சின்னாத்தாள் பூட்டுக் கொத்தோடு ஓடி ஓடிப் போடுவதைப் பார்த்தேன், பதினெட்டாம் நம்பர்க்காரி, அவள் புருஷன் இன்னும் வேலையில் இருப்பதால் அவளுக்கு ஒளிய வேண்டியதில்லை. பதினாலு வீட்டுக்குப் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தன் வாசலில் வந்து நின்றாள், ஆள் இருக்கிறது என்று அவள் பெயரை எழுதினார்கள். பத்தொன்பதின் முன்னால் வந்ததும் சத்தியசீலன் நின்றுவிட்டார். உள்ளே யாரோ மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கிறதே என்று என்னைக் கேட்டார். பங்காரம்மாவின் இழுப்புதான் அது, மில்லில் கழிவுப் பஞ்சு உதறி உதறி வாங்கிக்கொண்டது, எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம். ஒரு வீட்டைச் சொன்னால் பதினாலையும் சொல்ல வேண்டும், பதினாலையும் சொன்னால் கடைவீதிக்கு ஒரு மூட்டை சிமெண்டும் மிஞ்சாது. இதை நான் அங்கே நின்று யோசித்தேன் என்று நினைக்காதே. யோசிக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. “கோழி அடைச்சு வெச்சிருப்பாங்க சார், முட்டைக் கோழி அப்படித்தானுங்க கொர்கொர்ங்கும்” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அப்புறம் அங்கேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, உன் விதிப்படி மூன்று மணிக்கு இரண்டாம் தடவையும் வரிசையாகப் பார்த்தார். மரத்தடியில் ஆபீசர் இருக்கும்போது சின்னாத்தாள் பூட்டைத் திறப்பாளா. சித்திரை வெயிலில் ஒரு ஜன்னல்கூடத் திறக்காத வீட்டுக்குள் அவர்கள் அத்தனை நேரமும் இருந்தார்கள். ஆள் இருக்கிற வீடுகளை எழுதிய ஜாபிதாவின் அடியில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பார்த்துத்தான் போட்டேன்.

வைகாசியில் ஜாபிதாவைச் சுவரில் ஒட்டினார்கள், இருபத்திரண்டு பெயர். அன்றைக்குச் சந்தை நாள், மண்டியில் மூட்டைக்காரர்கள், பாளையத்துக் கவுண்டமார்கள் எல்லோரும் இருந்தார்கள், பங்காரம்மா வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். என்னோடு அவள் தெலுங்கைத் தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு நிறுத்தித் தமிழில் பேசினாள், எல்லோருக்கும் விளங்கட்டும் என்று. “ஏனுங்ணா, உங்க செருப்புச் சத்தம் வாசல்ல கேட்டதுமே எனக்கு உசுரு வந்துதுங்க. கூப்புட்டா ஆபீசர் முன்னால உங்களுக்கு ஈனமாப் போயிருமேன்னு முந்தானைய வாயில அமுத்தீட்டு உக்கோந்திருந்தேன். நீங்க கோழின்னு சொன்னீங்க” என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை, பருத்திக்கொட்டை என்ன விலை என்று கேட்கிற மாதிரி சொன்னாள். மண்டிக்குப் பின்னால் இருக்கிற அறையைக் காலி செய்து தருகிறேன், ஆயுசுக்கும் இருந்துகொள் என்றேன். “மண்டிக்குள்ள கோழிய உடலாமுங்களா, கொட்டையெல்லாம் கொத்திப் போட்டுருமுங்க” என்றாள். மூட்டைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள், நான் படியளக்கிற பயல்கள். அவள் போய்விட்டாள், அதற்கப்புறம் என்னோடு எந்தப் பாஷையிலும் பேசவில்லை. உன் அம்மாவும் அன்று முதல் தட்டை வைக்கிறாள், சோறு போடுகிறாள், பேசுவதில்லை. கேட்டால் மாட்டிடம் பதில் சொல்கிறாள்.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. மறுவாரமே கோயமுத்தூர் போய் சத்தியசீலனைப் பார்த்து ஒரு பெயரை மட்டும் சேர்க்க வழி உண்டா என்று கேட்டேன். உட்காரச் சொன்னார், ஜாபிதாவை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார். நீங்கள் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுங்கள், பதினாலு வீட்டையும் நானே மறுபடி வந்து விசாரிக்கிறேன், அதுவரைக்கும் கடைவீதி வேலை நிற்கும் என்றார். காகிதமும் பேனாவும் நகர்த்தி வைத்தார். கடைவீதியில் அப்போது சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தது, என்னை நம்பி நாற்பது கடை. பேனாவின் மூடியைக் கழற்றினேன், திரும்ப மூடி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மாசியில் லைனை இடித்தார்கள். அந்தச் செங்கல்லை உடைத்துத்தான் கடைவீதி ரோட்டுக்கு அடியில் போட்டோம், நல்ல சூளைக் கல், ரோடு இன்னும் ஒரு பிளவு விடவில்லை. மூடிக் கிடந்த பதினோரு கடையில் ஒன்பது திறந்துவிட்டது, நம் மண்டி வாசலில் வண்டி நிற்க இடமில்லை. இது பொய்ச் சந்தோஷம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, நல்ல வியாபாரம் நல்ல வியாபாரம்தான்.

இதைப் படித்ததும் நீ பைலை மறுபடி எடுக்கப் பார்ப்பாய். எடு, நான் தடுக்கவில்லை. ஜாபிதாவில் என் கையெழுத்து, விதியில் உன் கையெழுத்து, இரண்டும் ஒரே பைலில்தான் இருக்கிறது, எடுக்கிறவன் இரண்டையும் எடுக்க வேண்டும். கட்டினது இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டிலும் ஆள் இருக்கிறது. உன் அத்தையை உள்ளே விட வேண்டுமானால் சின்னாத்தாளையோ இன்னொருத்தியையோ வெளியே விட வேண்டும், யாரை என்று அங்கிருந்தே பார்த்துச் சொல். நீ அத்தை மடியில் வளர்ந்தவன், நான் அவளோடு ஒரு வயிற்றில் பிறந்தவன், நாம் இரண்டு பேருமாகத்தான் இதைச் செய்தோம். ஒருத்தனுக்குத் தெரிந்து செய்தது, ஒருத்தனுக்குத் தெரியாமல் செய்தது, அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது அவள் வால்பாறையில் இருக்கிறாள். அவள் புருஷனின் அக்காள் மகன் அங்கே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கிற வேலையில் இருக்கிறான், பங்குனியில் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்தக் குளிருக்கும் மழைக்கும் அவள் இழுப்பு ரொம்ப நாள் தாங்காது, அது எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். போன மாசம் சின்னாத்தாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து மண்டி வாசலில் நின்று சொன்னாள். அங்கேயும் லைன் வீடுதான், எஸ்டேட் வேலைக்காரன் பெண்டாட்டி பிள்ளையைத் தவிர வேறு ஆள் தங்கக்கூடாது. கங்காணி நோட்டுப் புத்தகத்தோடு வருகிறான் என்றால் பக்கத்து வீட்டுக்காரி வந்து வெளியே பூட்டைப் போட்டுவிடுகிறாளாம். சின்னாத்தாள் போயிருந்த அன்றைக்கும் பூட்டினார்களாம், இவளும் உள்ளே மாட்டிக்கொண்டாளாம். இழுப்பு வந்தபோது பங்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொர்கொர் என்று கோழி மாதிரி செய்து காட்டிச் சிரித்தாளாம். இதைச் சொல்லும்போது சின்னாத்தாள் என்னைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்தாள்.

அதனால் ஒன்று மட்டும் நினைவில் வை. விலாசம் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, எனக்குத் தெரியும், தரமாட்டேன். திரும்பி வந்த மணியார்டரை மறுபடி அங்கே அனுப்பாதே, கம்பளி அனுப்பாதே, ஒரு கார்டுகூட அவள் பெயருக்குப் போடாதே. தபால்காரன் லைன் வாசலில் நின்று பங்காரம்மாள் என்று ஒரு தடவை கூப்பிட்டால் அந்த இடமும் அவளுக்குப் போய்விடும். உனக்கு அவள்மேல் பிரியம் இருந்தால் மனசோடு வைத்துக்கொள்.

மருமகள் உடம்பைக் கவனி. குழந்தை நல்லபடியாகப் பிறந்து நூறு வயசு இருக்கட்டும். பெண்ணாகப் பிறந்தால் அத்தை பெயர் வைக்கப் போவதாக எழுதியிருந்தாய், உன் அம்மா அதைப் படித்துவிட்டுப் போய் மாட்டிடம் சொன்னாள். ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைத்து எடு.

உன் நன்மையை விரும்பும் தகப்பன்
வேங்கடசாமி
பருத்திக்கொட்டை, புண்ணாக்கு மண்டி, புதுக் கடைவீதி