ஜன்னலுக்குக் கீழே பஸ்

என் செல்லத்துக்கு,

தொட்டிலைத் தெருப்பக்க ஜன்னலோரம் போட்டிருப்பதாகவும், பஸ் சத்தம் கேட்டால்தான் பாப்பா தூங்குகிறாள் என்றும் எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

டிப்போவுக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் நீயும் அப்படித்தான். அப்பா தினமும் தன் பஸ்ஸை ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தி, உனக்காகவே எஞ்சினை உறுமவிடுவார். நீ கெக்கலிப்பாய். "பாருய்யா, எம்பொண்ணு சிரிக்கிறா!" என்று கண்டக்டரிடம் பீற்றிக்கொள்வார். நான் உன்னைக் கம்பியோரம் தூக்கிப் பிடித்திருப்பேன். கம்பியை எத்தனை துடைத்தாலும் சாயங்காலத்துக்குள் கரி படிந்துவிடும். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்!

உனக்கு முதன்முதலாக வீசிங் வந்தபோது டாக்டர், "வீடு எங்க?" என்று கேட்டார். அப்பா பெருமையாகத்தான் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அந்த மாதமே வீடு மாறினோம். புது வீட்டில் சத்தமில்லாமல் நீ தூங்கவில்லை. அப்பாதான் வாயாலேயே பஸ் ஓட்டி உன்னைத் தூங்கவைத்தார்.

இன்ஹேலர் கைப்பையில் இருக்கிறதுதானே?

தொட்டிலைப் பின்னறைக்கு மாற்றிவிடு. ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார். முன்பல் இரண்டும் போய்விட்டன. ஆனாலும் எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது.

உன் அம்மா