வனஜா எழுதிய உறைகள்

ஹுப்ளி
3.6.1983

அன்புள்ள இந்துமதிக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ பாகல்கோட்டுக்கு, உன் அண்ணன் வீட்டுக்குப் போய் ஏழு மாதம். நான் போட்ட நாலு கடிதத்துக்கும் பதில் இல்லை. உன்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஓடும் ரயிலில் தபால் பிரிக்கும் அந்தப் பெட்டிக்கு அன்று கடைசி ஓட்டம். அதில் உறை போட்டால் விழும் முத்திரை இனிமேல் கிடைக்காதே என்று கிளம்பினேன். "வனஜாவுக்கு ஜுரம் ஏறிக்கிட்டே போகுது. இன்னைக்குப் போகாதீங்க" என்று வாசல்வரை வந்து சொன்னாய். "சாயங்காலம் வந்துடறேன்" என்றேன். வந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தீர்கள்.

நேற்று முத்திரை உறைகள் ஒட்டிய ஆல்பங்கள் எல்லாவற்றையும் கொல்லையில் போட்டு எரித்துவிட்டேன். பதினெட்டு வருஷம் ரயில் ரயிலாக அலைந்து சேர்த்தவை. ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. அந்தப் பைத்தியம் இனி இந்த வீட்டில் இல்லை. வந்துவிடு இந்து.

உன்
வாசுதேவன்

பாகல்கோட்
9.6.1983

வனஜாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணி, "உனக்காகத்தானே எரிச்சிருக்கார், கிளம்பு" என்றாள். அவளுக்குத் தெரியாது.

மூன்று வருஷமாக நீங்கள் ரயிலில் போட்ட உறைகளெல்லாம் யார் பெயருக்கு வந்தன? முகவரி எழுதியது யார்? உங்கள் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும் என்று அவள்தானே எழுதித் தந்தாள்? குப்புறப் படுத்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'குமாரி வனஜா' என்று தமிழில், கீழே தெருவும் ஊரும் இங்கிலீஷில்.

அவளுடைய நோட்டுகளைப் பத்தாம் நாளே உங்கள் அக்கா துணிமணியோடு ஏரியில் விட்டுவிட்டார். அவள் கையெழுத்து அந்த உறைகளில்தான் இருந்தது. அதைப் பார்க்கத்தான் வருகிற வியாழக்கிழமை கிளம்புவதாக இருந்தேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவற்றைப் பார்க்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இனி எதற்கு வர?

இந்துமதி

ஹுப்ளி
2.7.1983

இந்து,

நான் முகவரியைப் பார்த்ததே இல்லை. முத்திரையைத்தான் பார்த்தேன். வட்டம் முழுசாக விழுந்திருக்கிறதா, தேதி தெளிவாக இருக்கிறதா என்று மட்டும். எரிக்கும்போதும் பார்க்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் தார்வாட் போனேன். அங்கே கட்டிமனி என்று ஒரு வாத்தியார், என்னைப் போலச் சேர்ப்பவர். எப்போதோ தன்னிடமிருந்த ஒன்றைக் கொடுத்து என் உறை ஒன்றை வாங்கியிருந்தார். இருக்கிறது என்று எடுத்து வந்தார். முத்திரை இருந்த மூலையை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார். "மீதியைத் தூக்கிப் போட்டுட்டேனே சார். வேணும்னு தெரியாதே" என்றார். அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன்.

வெட்டிய துண்டின் கீழ்விளிம்பில் அவள் பெயரின் கடைசி எழுத்து தப்பியிருக்கிறது. 'ஜா'. துணைக்காலை நீட்டிப் போட்டிருக்கிறாள்.

இரண்டு வாரம் அதை அனுப்ப மனசு வரவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். நீ வர வேண்டாம். இது உன்னிடமே இருக்கட்டும்.

வனஜாவின் அப்பா