ஆற்றின் பிழையான கரை

புத்தகம் என் சமையலறை மேசையில் கிடக்கிறது. கெட்டி அட்டை, திறந்தால் இன்னும் மை மணக்கிறது. ரஷ்யாவின் முதல் ரயில் கம்பனிகளின் வரலாறு. நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. அந்த வரைபடத்தில் உம்முடைய பிழை இருக்கிறது. உம்முடைய பெயர் மட்டும் புத்தகத்தில் எங்கும் இல்லை.

மூன்று தரம் தேடினேன். நன்றி சொல்லும் பக்கத்தில், அட்டையில் ஆசிரியர் என்று பெயர் போட்டிருக்கும் அந்த மனிதர் தன் மனைவிக்கு நன்றி சொல்லியிருக்கிறார். தன் நாய்க்குக்கூடச் சொல்லியிருக்கிறார்.

நீர் போய் நாலு வருடம். அழுது முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இது அழுகை இல்லை.

லெனின்கிராட்டில் ஐந்து வருடம் ரயில்பாதைப் பொறியியல் படித்த மனுசி நீர். அந்தச் சான்றிதழை லண்டனில் ஒருவரும் மதிக்கவில்லை. கையில் வாளியையும் கூட்டுகிற தும்புத்தடியையும் கொடுத்தார்கள். ரயில் பெட்டிகள் துப்புரவாக்கும் வேலையில்தான் நான் உம்மைச் சந்தித்தேன். காலை ஷிப்டில், சீட்டுகளுக்கு அடியில் கிடக்கும் சிப்ஸ் பைகளைப் பொறுக்கிக்கொண்டே நீர் பாதைகளைச் சொல்லிக்கொண்டு வருவீர்.

"ரீகாவில இருந்து தூனாபுர்க். அங்கயிருந்து வீதெப்ஸ்க். பிறகு ஓரியோல். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கம்பனி. நடுத்துண்டைப் போட்ட கம்பனி எங்க பதிஞ்சது, தெரியுமோ?"

"மொஸ்கோவிலயோ?"

"இஞ்சை. லண்டனில."

அதைத் தேடித்தான் ஓய்வுநாள் முழுவதும் ஆவணக் காப்பகத்தில் போய் இருந்தீர். உள்நாட்டுத் தானியம் ரீகாத் துறைமுகத்துக்கு வரவேண்டும் என்று இங்கிருந்தவர்கள் பங்கு வாங்கிய கதை, ரஷ்யாவின் சார் மன்னருடைய அரசாங்கத்தோடு எழுதிய ஒப்பந்தங்கள், எல்லாவற்றையும் கொப்பி கொப்பியாக எழுதினீர். ஒருநாள் வந்து சொன்னீர்: "டிரெக்டர்மாற்றை பேரெல்லாம் வடிவா இருக்கு. மண் வெட்டினவன்ரை பேர் ஒரு பத்திரத்திலயும் இல்லையப்பா." அன்று முழுவதும் உமக்கு முகம் சரியில்லை.

காப்பகத்தில் பக்கத்து மேசைக்காரர்தான் அந்த மனிதர். ஓய்வுபெற்றவர், ரயில் வரலாற்றுச் சங்கமொன்றின் ஆள். 'உங்கள் ஆங்கிலத்தைக் கொஞ்சம் திருத்தித் தருகிறேன்' என்றாராம். நீர் இருநூறு பக்கத்தையும் வரைபடத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தீர். சில கிழமை கழித்து, வேலைக்கு நடுவில் நெற்றியில் அடித்துக்கொண்டீர்.

"ஐயோ, ஒரு ஸ்ரேசனை ஆத்துக்கு மற்றக் கரையில போட்டிட்டன். பாதை அதில ஆத்தைக் கடக்கிறதே இல்லை."

"அவருக்குப் போன் பண்ணுமன்."

"பண்ணிப் பார்த்தன். எடுக்கிறாரில்லை."

பிறகும் அவர் எடுக்கவில்லை. பிறகு உமக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தீர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து என்ன சொன்னீர்? "விடும். ஆரின்ரை பேரில வந்தாலென்ன, விசயம் வெளியில வந்தாச் சரி." நோயாளியோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சண்டையை இன்று பிடிக்கிறேன்.

புத்தகத்தைக் கண்டதும் லண்டனிலேயே எட்மண்டன் பக்கம் இருக்கும் உம்முடைய மகளுக்குப் போன் எடுத்தேன்.

"அன்ரி, அம்மாவே விட்டிட்டா. நீங்கள் ஏன் ஸ்ட்ரெஸ் ஆகிறீங்கள்?"

"கொம்மா விட்டிட்டா. நான் விடேல்லை."

அடுத்தநாள் அவள் உம்முடைய பதினொரு கொப்பிகளையும் கடைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, என் மேசையில் வைத்தாள்.

வால்தம்ஸ்டோவில் ஒரு மண்டபத்தில் அந்த மனிதர் தன் புத்தகத்தைப் பற்றிப் பேசினார். நான் நாலாம் வரிசையில் இருந்தேன். பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்து மொஸ்கோவுக்கு மன்னர் வரைபடத்தில் அடிமட்டம் வைத்து நேர்கோடு கீறினாராம். அவருடைய விரல் துருத்திய இடத்தில் பாதையும் வளைந்ததாம். சனம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது கட்டுக்கதை, ஏற்றம் கூடிய இடம் என்பதால் மன்னர் செத்துப் பல வருடம் கழித்துத்தான் அந்த வளைவைப் போட்டார்கள் என்று நீர் என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பீர். உம்முடைய பக்கங்களைக் களவெடுத்தவர் அவற்றை ஒழுங்காக வாசிக்கவுமில்லை.

எழும்பி, என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன்: "நாற்பத்தோராம் பக்கத்தில் இந்த ஸ்டேஷன் ஏன் தென்கரையில் இருக்கிறது?"

"பழைய ரஷ்ய வரைபடத்தில் அப்படித்தான்" என்றார்.

"இல்லை. என் சிநேகிதியின் கொப்பியில்தான் அப்படி."

கொப்பியைத் தூக்கிக் காட்டினேன். அதே ஆறு, அதே கோடு, அதே பிழை. சுற்றிச் சிவப்பு மையில் உம்முடைய வட்டம்; பக்கத்தில் தமிழில் 'மற்றக் கரை!'

அவர் முகம் சிவந்தது. "அந்தப் பெண் மொழிபெயர்ப்பில் கொஞ்சம் உதவி செய்தார்."

நான் முன்னுக்குப் போய், நீர் ரஷ்ய மொழியில் எழுதிவைத்த பக்கமொன்றை அவர் முன்னால் விரித்தேன். "வாசியுங்கள்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டார். கடைசிவரை ஒரு சொல்லும் வாசிக்கவில்லை.

பதிப்பகத்துக்கு எழுதினேன். அவர்களுடைய முதல் பதில்: அடுத்த பதிப்பில் உமக்கு நன்றி சொல்வார்களாம். நாய்க்குப் பக்கத்திலா என்று கேட்டு எழுதினேன். கொப்பிகள் முழுவதையும் பிரதி எடுத்து அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து மகளுக்குக் கடிதம் வந்தது. விற்பனையை நிறுத்திவிட்டார்களாம். பிழை திருத்தி, ஆசிரியர் என்று உம்முடைய பெயரை மட்டும் போட்டு வெளியிடுகிறார்களாம். அவள் போனில் வாசித்துக்கொண்டு வந்து, உம்முடைய பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டாள். பிறகு விம்மும் சத்தம் கேட்டது.

எல்லாம் சரி. ஆனால் எனக்குக் கோபம் போகவில்லை. அந்த மனிதர்மேல் இருந்தது மண்டபத்திலேயே பாதி போய்விட்டது. மிச்சம் உம்மேல்தான். மண் வெட்டியவனுக்குப் பெயரில்லை என்று கொதித்த மனுசி, தனக்கு வரும்போது மட்டும் 'விடும்' என்று சொல்ல யார் உமக்கு உரிமை தந்தது? அதைப் பெருந்தன்மை என்று நினைத்தீரோ? நாங்கள் விட்டு விட்டுத்தானே இவர்களுக்கு இது பழகிப்போனது?

வேலையில் மேற்பார்வைக்காரி இத்தனை வருடமாக என் பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்கிக் கூப்பிட்டாள். நானும் திரும்பிப் பார்த்தேன். இப்போது திரும்புவதில்லை. முழுப் பெயரும் வரும்வரை கையில் வாளியோடு அப்படியே நிற்கிறேன். நேற்று மூன்றாம் தரத்தில் சரியாகச் சொன்னாள்.

"ஓம், சொல்லுங்கோ" என்றேன்.